எட்டும் அறுபதும்

லியெபாயாவில் ஓடுவது ஒரே ஒரு டிராம் தடம்.
இருபத்தாறு வருடமாக அதை நான் ஓட்டுகிறேன்.
மின்சாரம் எங்கே முனகினாலும்
காதை வைத்தே இடத்தைச் சொல்லிவிடுவேன்.
அதனால்தான் இல்மார்ஸ்
ஜனவரிப் பனியில், கம்பளி சுற்றிய பெட்டியைச் சுமந்தபடி
என் வீட்டோடு இருக்க வந்த அன்று
வா என்றுகூடச் சொல்லாமல் கேட்டேன்:
எத்தனை வாட்?

எட்டு, என்றான்.
பக்கத்துக்கு எட்டு.
பிள்ளையின் வயதைச் சொல்வதுபோல.

நான்கு வால்வுகள். உள்ளே செம்மஞ்சள் இழை.
வெளியே நாலரை மணிக்கே இருட்டு.
அழகுதான், மறுக்கவில்லை.
ஆனால் என் ஸ்பீக்கர்கள் நான்கு ஓம் முரடுகள்,
துறைமுகக் கிளப்பை மூடியபோது ஏலத்தில் எடுத்தவை,
ஒவ்வொன்றும் முப்பத்தோரு கிலோ.
எட்டு வாட் அவற்றுக்கு
யானைப் பசிக்குச் சோளப்பொரி.
கூட்டக் கூட்ட
செல்லோவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

என்னுடையது அறுபது வாட்.
முதல் நான்கு மாதச் சம்பளத்தை அப்படியே கொடுத்து வாங்கியது.
தட்டை முகம், முதுகெல்லாம் அலுமினிய மடிப்பு.
எதையும் அசைக்கும், எதற்கும் அசையாது.
"தபால் ஆபீஸ் பாடுவதுபோல் இருக்கிறது" என்றான்.
அன்று இரவு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஒரே உறையில் இரண்டு கத்தி எதற்கு,
விற்றுவிட்டு நடுத்தரமாய் ஒன்று வாங்குங்கள்
என்றாள் மேல்மாடி ஸ்கைத்ரீதே.
சொல்ல உரிமையுள்ளவள்,
எங்கள் கூரைதானே அவளுக்குத் தரை.
போய்ப் பார்த்தோம். நாற்பது வாட். வெள்ளி நிறம். ரிமோட்.
இருவருக்கும் ஒன்றுபோலப் பிடிக்காத முதல் பொருள்!
டிராமில் சிரித்துக்கொண்டே திரும்பினோம்,
அன்று ஓட்டியது நானல்ல.

பிறகு தூசி துடைக்கும்போது
ஸ்பீக்கர் முதுகில் இரண்டு ஜோடித் திருகுகள்.
இத்தனை வருடம் பார்த்தும் பாராதவை.
மேல் ஜோடி அவனுக்கு, கீழ் ஜோடி எனக்கு.
"நடுவிலிருக்கும் பித்தளைத் தகட்டை முதலில் கழற்று,
இல்லையென்றால் ஒன்றையொன்று எரித்துவிடும்."
"தெரியும்."
தகட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.
இன்னும் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அவனுடைய இசைத்தட்டு:
கப்பல் பட்டறைப் பாடகர் குழு, எண்பத்து மூன்று.
மூன்றாம் வரிசையில் இவன், மீசையோடு.
ஊசி இறங்கியது.
மேலே மினுமினுப்பு, கீழே ஆர்கன்,
ஆண்குரல்கள் நிற்க வேண்டிய நடுவில்
பல் விழுந்த ஓட்டை.

அறையைக் குற்றம் சொன்னான். தரைவிரிப்பை. என் திரைச்சீலையை.
நான் மண்டியிட்டேன்.
அவன் வயர்களில் சிவப்பைக் கறுப்புக்கும்
கறுப்பைச் சிவப்புக்கும் மாற்றினேன்,
வலதிலும், இடதிலும்.
கேட்டதைத் தலைகீழாகச் சொல்லும் ரகம் அவன் பெட்டி.
என்னுடையது தள்ளியபோதெல்லாம்
அது இழுத்திருக்கிறது.
என் பெட்டியின் குமிழை அரைச் சுற்று தணித்தேன்,
எட்டோடு சேர்ந்து நடக்க.
நாற்பது ஆண்கள் ஈரக் கோட்டுகளோடு
அறைக்குள் வந்து நின்றார்கள்.

ரீங்காரம் மட்டும் போகவில்லை.
பிளக்கில் எர்த்தை டேப் ஒட்டி மறைத்துவிடலாம் என்றான்.
அறுநூறு வோல்ட்டுக்குக் கீழே உட்கார்ந்து சம்பாதிப்பவளிடம்!
என் முகத்தைப் பார்த்து டேப்பைக் கீழே வைத்தான்.
இரண்டையும் ஒரே பலகையில் செருகினோம்.
பாதி அடங்கியது. மீதி,
ஷெட்டில் இரவு நிற்கும் வண்டியின் அளவு.
எனக்கு அதில் தூக்கம் வரும்.
அவனைக் கேட்கவில்லை.

தன் குரலைத் தேடிக்கொண்டிருந்தான்.
நாற்பதில் ஒன்று, எப்படிக் கிடைக்கும்?
இரண்டாம் பாட்டுக்கும் மூன்றாம் பாட்டுக்கும் இடையில்,
வலது ஸ்பீக்கருக்கு ஓரடி உள்ளே,
யாரோ இருமினார்கள்.

"நான்" என்றான் இல்மார்ஸ்.

எழுந்துபோய்
ஊசியைத் தூக்கி, கொஞ்சம் முன்னால்
மறுபடி வைத்தான்.